சந்தேகம் வந்தால் வெட்டு

நேற்று வெட்டிய இடம் இன்று காலை மறுபடி ஒட்டியிருந்தது.

ஒருமுறை என்றால் கம்ப்யூட்டருக்குக் கிறுக்கு என்று விட்டிருப்பாள். இரண்டாம் முறை, தன் மறதி என்று தலையில் தட்டிக்கொண்டாள். இது ஏழாவது முறை. பச்சை இழையும் ஊதா இழையும் உரசிக்கொண்டு போகிற அந்த ஒரே இடத்தில், ஒன்றுமே நடக்காததுபோல, இரண்டும் ஒரே பச்சையாகக் கிடந்தன. "சனியனே" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் வேலை இதுதான். மனித மூளையிலிருந்து எடுத்த அரிசி அளவு துணுக்கு ஒன்றைப் பிசினில் இறுக்கி, தலைமயிரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் நுண்ணோக்கியில் படம் பிடித்து, அந்த ஐயாயிரம் படங்களையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அது அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு நரம்பிழையும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, இழைக்கு ஒரு நிறம் பூசும். கெட்டிக்காரக் கம்ப்யூட்டர்தான். ஆனால் ஒரு சீவலில் மடிப்பு விழுந்துவிட்டால் போதும், குழம்பிப்போய் ஒன்றை இரண்டாக வெட்டும், இல்லை இரண்டை ஒன்றாக ஒட்டும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஆள் அவள். அதிகம் வெட்டுகிறவள் என்பதால் ஆபீஸில் அவளுக்குக் கத்தரி என்றே பெயர்.

வெட்டுவது அவள் இஷ்டத்துக்கு அல்ல. மேற்பார்வை செய்கிற அம்மாள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி: சந்தேகம் வந்தால் வெட்டு. வெட்டியதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தப்பாகச் சேர்த்த ஒன்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த விதியை அவள் ஒருநாளும் மீறியதில்லை. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் சீவலில் ஒரு மடிப்பு இருந்தது. மடிப்பருகே பச்சையும் ஊதாவும் ஒட்டியிருந்தன. சந்தேகம் வந்தது. வெட்டினாள். அவ்வளவுதானே? அதற்கா இந்தப் பாடு?

மீறிய விதி வேறொன்று. சொந்தக்காரர்களின் துணுக்கை யாரும் தொடக்கூடாது. துணுக்குகளுக்குப் பெயர் கிடையாது, பெட்டி எண் மட்டும்தான். ஆனால் பதினாலாம் பெட்டியின் குறிப்பைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆண், முப்பத்தொன்று, இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், வலிப்புக்கான அறுவை, அந்த மாதம், அந்தத் தேதி. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். மூளையில் வலிப்பு கிளம்புகிற இடத்துக்குப் போகிற வழியில் எடுத்துப் போட வேண்டிய துணுக்கை ஆராய்ச்சிக்குத் தர ஒப்புக்கொண்டு தம்பி கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, "பத்திரமா பாத்துக்க குண்டு, என் பாஸ்வேர்டெல்லாம் அதுலதான் இருக்கு" என்றான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தம்பியை இவ்வளவு கிட்டத்தில் வேறு எந்த அக்கா பார்த்திருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட. வெட்டும்போதும் கை நடுங்கவில்லை. உதிர்ந்த நகத்தை வெட்டினால் யாருக்கு வலிக்கப்போகிறது?

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே வீட்டில் இருவருக்கும் இருவர்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா என்று சொல்லும் முன்பே அக்கா என்று சொன்னவன். அதனாலேயே ஆபீஸில் வேறு யாரும் தன்னை அக்கா என்று கூப்பிட அவள் விடமாட்டாள். கத்தரி என்று சொல், மேடம் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு சொந்தக்காரன்தான்.

அந்தச் சொல்தான் பத்து நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம். மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப்போய் அழைப்பு மணியை அழுத்தினாள். தம்பி கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டான்.

"வாங்க. உள்ள வாங்க. உக்காருங்க."

"என்னடா, புதுசா மரியாதை?"

"அவங்க இப்ப வந்துடுவாங்க" என்றான் அவன், வந்த விருந்தாளியைக் காக்கவைக்கிற சங்கடத்தோடு.

"எவங்க?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "இந்த வீட்ல இருக்கறவங்க."

அவள் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். ஆனால் அது அவன் சிரிப்பே இல்லை. முகம் தெரியாதவர் ஏதோ ஜோக் சொல்லிவிட்டாரே என்று நாகரிகத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு. இரவு முழுக்க "நீங்க", "சாப்பிடுங்க", "தப்பா நினைச்சுக்காதீங்க". அடுத்த நாள் காலை குளியலறைக் கதவைத் தட்டி, "ஏய் குண்டு, உள்ளயே குடியிருக்கப் போறியா?" என்று கத்தினான். கண்ணாடி முன்னால் நின்றபடி அவள் அழுதே விட்டாள்.

சாயங்காலம் மறுபடி "வாங்க". செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஒருநாள் தவறாமல். சனிக்கிழமை காலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அங்கே அவன் சமத்துப் பிள்ளையாக இருந்தான். தேதி சொன்னான், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தான், "இது யாரு?" என்று டாக்டர் கேட்டதற்கு, "என் அக்கா சார். காது கேக்காதுன்னு நினைச்சு சத்தமா கேக்காதீங்க, வயசு அவ்வளவு ஆகலை" என்றான். டாக்டர் சிரித்து, களைப்பாக இருக்கும், நன்றாகத் தூங்கட்டும் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள். அவனுக்குச் சாயங்கால விஷயம் எதுவும் நினைவில் இல்லை. நீதான் கனவு கண்டிருப்பாய் என்றான். அந்தச் சனியும் ஞாயிறும் அவன் முழுசாக இருந்தான்.

திங்கள் சாயங்காலம், "வாங்க."

இப்போது புதன். வீட்டில்தான் அந்தத் தலைவலி என்றால் இங்கே ஆபீஸில் இந்த ஒட்டு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை தொங்கும் அறை, பகல் எது என்று சுவர்க்கடிகாரம் சொல்லித்தான் தெரியும். அடுத்த அறைக் கம்ப்யூட்டர்களின் இரைச்சல் சுவர் வழியாக வந்து நாற்காலிக்கு ஏறி முதுகெலும்பில் உட்கார்ந்துகொள்ளும். சூடான தூசி வாசனை. கம்பளத்தில் என்றைக்கோ கொட்டிய காப்பியின் புளித்த வாடை. அவள் எழுந்து போய் சிஸ்டம்காரரைக் கையோடு கூட்டிவந்தாள்.

அவர் குனிந்து பதிவேட்டைத் திறந்தார். கீழே உருட்டினார். மறுபடி மேலே உருட்டினார்.

"வெட்டினது மட்டும்தான் மேடம் இருக்கு. ஏழு வெட்டு. ஏழும் நீங்க."

"ஒட்டினது யாரு?"

"யாருமில்லை."

"யாருமில்லாம எப்படி சார் ஒட்டும்? நான் என்ன பைத்தியமா?"

"நான் அப்படிச் சொல்லலையே. ராத்திரி எந்த புரோகிராமும் இதைத் தொடலை. ஆனா காலைல ஒட்டியிருக்கு." காதைச் சொறிந்துகொண்டார். "புண்ணு ஆறின மாதிரி."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. "பூட்டு போட முடியுமா?"

"போடலாம். போட்டா அப்புறம் யாராலயும் சேர்க்க முடியாது. திறக்கணும்னா பூதக்கண்ணாடி கையெழுத்து வேணும்."

பூதக்கண்ணாடி என்பது மேற்பார்வை அம்மாள். "போடுங்க. இதோட ஒழியட்டும்" என்றாள். பதினோரு மணிக்கு எட்டாவது முறையாக வெட்டினாள். பச்சை பச்சையாக, ஊதா ஊதாவாகப் பிரிந்தது. வெட்டின்மேல் ஒரு சின்னச் சாம்பல் பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. பத்து நாள் எரிச்சல் ஒரே மூச்சில் இறங்கியது. "இப்ப ஒட்டு பாக்கலாம்" என்று திரையைப் பார்த்துச் சவால்கூட விட்டாள்.

பதினொன்று ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. தம்பி.

"ஹலோ, மன்னிக்கணும். உங்க நம்பர் என் போன்ல இருக்கு. யாருன்னு தெரியலை. அதான் கேட்டுடலாம்னு."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"அ... க்... கா-ன்னு போட்டு வெச்சிருக்கேன்" என்றான் அவன். எழுத்துக் கூட்டிப் படித்தான். "அது என்னங்க? கம்பெனி பேரா?"

"டேய்..."

"அக்கான்னா என்னங்க?"

இதுவரை அவளைத்தான் மறந்தான். அந்தச் சொல்லின் அர்த்தத்தை மறந்ததில்லை. போன் கட்டாகிவிட்டது. இருட்டில் திரையின் வெளிச்சம் அவள் மணிக்கட்டில் விழுந்திருந்தது. கடிகாரம். பதினொன்று ஆறு. வெட்டியது பதினொன்று.

அப்போதுதான் கணக்குப் போட்டாள். போன திங்கள், முதல் வெட்டு. போன திங்கள், முதல் "வாங்க". பகலில் வெட்டு, சாயங்காலம் "நீங்க". இரவில் ஒட்டு, காலையில் "குண்டு". சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. வெட்டு கிடையாது. அவன் முழுசாக இருந்தான்.

ஒவ்வொரு இரவும் எதுவோ தானாக ஆறிக்கொண்டிருந்தது. இப்போது அது ஆறமுடியாதபடி அவளே பூட்டுப் போட்டிருக்கிறாள்.

ஓடினாள். சிஸ்டம்காரர் இருக்கையில் இல்லை, சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். இந்த நேரத்துக்கு யார் சாப்பிடுவார்கள்! லிஃப்ட் வரவில்லை. படியேறி ஐந்தாம் மாடிக்குப் போனால் பூதக்கண்ணாடி மீட்டிங்கில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினாள், உள்ளே இருந்து ஐந்து விரலைக் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் தம்பிக்குப் பதினேழு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. கீழே வந்தால் விண்ணப்பம் எழுது என்றார்கள். எழுதினாள். தேதி தப்பு என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி எழுதினாள். பேனாவைத் தூக்கி எவன் மண்டையிலாவது எறியலாமா என்று இருந்தது.

பிற்பகல் நான்கு மணிக்கு அம்மாள் வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தார்.

"வெட்டினது சரியாத்தானே இருக்கு கத்தரி? சேர்க்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"சேர்த்தே ஆகணும் மேடம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அது என் தம்பி மேடம்."

அறையில் எல்லோருடைய கையும் நின்றது. அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "இத்தனை நாளா சொல்லலை" என்றார். "சொந்தக்காரங்க பெட்டியைத் தொடக்கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? எழுந்திரிங்க. உங்க லாகினை நிறுத்தச் சொல்றேன்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சிஸ்டம்காரர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கதவைப் பார்த்தார். குனிந்து நான்கு எழுத்தைத் தட்டினார். சாம்பல் பூட்டு மறைந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்கும். சீக்கிரம்."

பச்சையைத் தொட்டாள். ஊதாவைத் தொட்டாள். இணை. கை வியர்வையில் மவுஸ் வழுக்கியது. ஒரு சின்னப் பெட்டி திறந்து கேட்டது: அருகிலுள்ள துண்டுகளையும் இணைக்கவா? பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்றே அழுத்தியவள். எது தம்பியின் சொல், எது வேறு என்று பிரித்துப் பார்க்க இப்போது ஏது நேரம்? ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. எல்லாம் வேண்டும். ஆம் என்றாள்.

மறுபடி கேட்டது. ஆம்.

மறுபடி. ஆம், ஆம், ஆம்.

ஊதா பச்சையானது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த மஞ்சள் பச்சையானது. மஞ்சளுக்குப் பின்னால் ஆரஞ்சு. மடிப்பைத் தாண்டி அடுத்த சீவல். அடுத்தது. நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயின. தரையில் கவிழ்ந்த பாலைப்போல அந்தப் பச்சை எந்த அவசரமும் இல்லாமல் விளிம்புவரை போய் நின்றது. பெட்டி முழுக்க ஒரே இழை.

கடைசியாகச் செய்ததை ரத்து செய்கிற பின்செல் பொத்தானை அவள் அழுத்தினாள்.

உங்களுக்கு அனுமதி இல்லை.

அழுத்தினாள். அனுமதி இல்லை. அழுத்தினாள்.

"விடுங்க மேடம்" என்றார் சிஸ்டம்காரர். அவர் குரல் சரியாக இல்லை. "நாளைக்குப் பழைய காப்பில இருந்து எடுத்துக்கலாம். எடுக்க முடியும்னு நினைக்கறேன்."

வெளியே படிக்கட்டுக்கு வந்தபோது போன் அதிர்ந்தது.

"அக்கா!"

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. "சொல்லுடா கண்ணா. சொல்லு. இன்னொரு தடவை சொல்லு."

"அக்கா" என்றான். அதே குரல். அவ்வளவு சந்தோஷமான குரல். "அக்கா, அக்கா."

"வந்துட்டேன்டா. அரை மணி நேரம். எங்கயும் போயிடாத."

"நீ இங்கதானே இருக்க அக்கா?" என்றான் தம்பி. "அப்புறம் ஏன் போன்ல வேற பேசற?"

விளையாடுகிறான். கிண்டல் அவன் கூடப்பிறந்தது. அப்படித்தான் பஸ்ஸில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த கை விறைத்துப்போனது. ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ சில்லறை தேடினார்கள். இறங்கி நடந்தாள். நடக்க முடியாமல் ஓடினாள். சாயங்கால வெயில் இன்னும் மாடிச் சுவரில் இருந்தது. கீழ்வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். முதல் மாடி. இரண்டாம் மாடி. தேயிலை கொதிக்கிற வாசனை படியிறங்கி வந்தது.

கதவு திறந்தே இருந்தது.

வாசல் மிதியடிக்கு முன்னால் ஒரு கப் டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது.

செருப்பு அலமாரிக்கு முன்னால் ஒன்று. மின்விசிறிக்கு நேர் கீழே ஒன்று. ஜன்னல் விளிம்பில், திரைச்சீலைக்கு எதிரே ஒன்று. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒன்று. துடைப்பத்துக்கு ஒன்று. கப்புகள் தீர்ந்து டம்ளர்கள், டம்ளர்கள் தீர்ந்து கிண்ணங்கள், சோப்புப் பெட்டியின் மூடி, மருந்து பாட்டிலின் மூடி. ஒவ்வொரு நாற்காலிக்கும். ஒவ்வொரு சுவருக்கும். கால் வைக்க இடமில்லை.

சமையலறைப் பக்கமிருந்து பேச்சு கேட்டது. அக்காவிடம் மட்டுமே பேசுகிற குரல்.

"குடி அக்கா, ஆறிடும். நீயும் எடுத்துக்க அக்கா. அக்கா, உனக்கு இருக்கு, அவசரப்படாத."

"தம்பி" என்றாள்.

அவன் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது. அவளைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். இரண்டு பார்வையும் ஒன்றுதான். குழாய்க்கு ஒரு துளி கூடுதலாகவும் இல்லை, அவளுக்கு ஒரு துளி குறைவாகவும் இல்லை.

"நீயும் வந்துட்டியா அக்கா" என்றான். "உக்காரு."

"டேய், நான்டா. என்னைப் பாருடா. நான்தான்டா அக்கா."

"ஆமா" என்றான் அவன் பிரியமாக. அடுப்பிலிருந்து கெட்டிலைத் தூக்கினான். கப் தேடினான். அலமாரி காலி. ஒரு நிமிஷம் குழம்பி நின்றான். பிறகு தன் இடது கையைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்ப்பதுபோல, விரல் விரலாக. கண் கலங்கியது அவனுக்கு.

"அய்யோ, உனக்குத் தரவே இல்லையே அக்கா."

அவள் டம்ளர்களை இடறிக்கொண்டு பாய்ந்தாள். கால் வழுக்கியது. விழுந்தாள். சூடு முழங்காலைப் பற்றியது.

உள்ளங்கையைக் குழித்து, கெட்டிலின் மூக்கைச் சாய்த்து, கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டும் சிந்திவிடாத கவனத்தோடு தம்பி ஊற்றினான். ஆவி எழுந்தது. தோல் வெளுத்து எழுந்தது. வலியில் அவன் வாய் அகலத் திறந்தது. அதிலிருந்து வந்ததும் அந்தச் சொல்தான். அந்த ஒரே சொல்தான், சிரித்த முகத்தோடு. பிறகு குனிந்து, உதட்டைக் குவித்து, அந்தக் கையை மெல்ல ஊதிக்கொடுத்தான்.

"சூடா இருக்கு. பாத்துக் குடி அக்கா."